சிவப்பு மூடி, நீல மூடி

ஆகஸ்ட் 7

இந்த நோட்டு டாக்டரம்மா கொடுத்தது. தினமும் எழுத வேண்டுமாம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவள். அதன் பிறகு கேஸ் சிலிண்டர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டதைத் தவிர வேறு இலக்கியம் படைத்ததில்லை. ஆனாலும் எழுதுகிறேன். பேனாவும் சும்மா கொடுத்திருக்கிறார்.

எங்கள் கம்பெனி தூத்துக்குடியில் கடற்கரை ரோட்டுக்குப் பின்னால் இருக்கிறது. இறால் உரிக்கிற பெண்கள் இருபத்து நான்கு பேர். காலை ஏழு மணியிலிருந்து ஐஸ் தண்ணீரில் கை. தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, தட்டில் போட வேண்டும். வருஷக்கணக்கில் அப்படியே போனால் நகத்தின் அடி வீங்கிச் சீழ் வைக்கும். நகம் பச்சையாகி, கறுத்து, ஓடு மாதிரி தூக்கிக்கொள்ளும். நகச்சுத்தி என்போம். எங்களில் அது இல்லாதவள் யாரும் இல்லை.

இப்போது அதற்கும் வினை வந்திருக்கிறது. இறால் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் பிப்ரவரியில் சோதனைக்கு வருகிறார்கள். சூப்பர்வைசர் பால்துரை எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்: "நகம் கெட்ட கை எறாலத் தொடக் கூடாதுன்னுட்டாங்க. அதுக்குள்ள ஆறலன்னா வீட்டுல இருந்துக்கிடுங்க."

எல்லோரும் அவரவர் விரலைப் பார்த்தோம். நான் மைனி விரலைப் பார்த்தேன். மைனி என்றால் ஸ்தெல்லா, என் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் இறந்துபோனதிலிருந்து என் வீட்டுப் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். பத்து விரலில் எட்டு கெட்டுவிட்டது. மிச்சம் இரண்டும் எந்தப் பக்கம் போகலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கின்றன.

டாக்டர் தமயந்தி பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர். நகத்தில் ஆராய்ச்சி செய்கிறாராம். பார்த்தால் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி இருக்கிறார். டாக்டர் நகம் பார்க்க வருகிறார் என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா, மாதா கோயில் திருவிழாவும் முந்தா நாள்தான் முடிந்தது, ஆகவே இருபத்து நான்கு பேரும் நகப்பூச்சு பூசிக்கொண்டு போய் நின்றோம். சிவப்பு, ரோஸ், ஒருத்தி ஜிகினா. அதைத் துடைத்து முடிக்கவே அந்தப் பிள்ளைக்கு மத்தியானம் ஆகிவிட்டது.

பிறகு சின்ன அரத்தை எடுத்து எல்லோருடைய கட்டைவிரல் நகத்திலும் அடியில் ஒரு மெல்லிய கோடு கீறினார். "இந்தக் கோடு நகத்தோட சேந்து மேல போகும்க்கா. அஞ்சாறு மாசத்துல நுனிக்கு வந்துடும். கோட்டுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் புது நகம். எந்த மாசம் நல்லா வளர்ந்துச்சு, எந்த மாசம் கெட்டுச்சுன்னு நகத்தைப் பாத்தே சொல்லிடலாம்."

ஆளுக்கு ஒரு டியூப். பன்னிரண்டு பேருக்குச் சிவப்பு மூடி, பன்னிரண்டு பேருக்கு நீல மூடி. ஒன்றில் மருந்து இருக்கிறது, இன்னொன்றில் வெறும் ஜெல்லி. எதில் எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. மதுரையில் ஒரு பெரிய டாக்டர் எழுதி உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறாராம். பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் பெல் அடிப்பார்கள். வெளியே வந்து, துணியில் கையைத் துடைத்து, கால் மணி நேரம் காயவைத்து, மருந்து தடவ வேண்டும். படுக்கும்போது ஒரு தரம். நோட்டில் கட்டம் போட்ட தாளில் டிக் போட வேண்டும். அந்தத் தாளை மாதம் ஒருமுறை கிழித்துக்கொண்டு போவார். "மிச்சப் பக்கம் உங்க இஷ்டம்க்கா" என்றார்.

எனக்குச் சிவப்பு. மைனிக்கு நீலம். எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. வலது கட்டைவிரல் ஓரத்தில் கொஞ்சம் பச்சை.

ஆகஸ்ட் 8

மருந்து தடவினேன். சாளைக் குழம்பு. வேறு விசேஷம் இல்லை.

ஆகஸ்ட் 14

பதினொரு மணிக்குப் பெல் அடித்ததும் எல்லோரும் வராந்தாவுக்குப் போனார்கள். மைனி நகரவில்லை.

"ஏன் மைனி, ஒங்களுக்கு மட்டும் தனிப் பெல்லு அடிக்கணுமா?"

"நீ போளா. நான் வரல. காலையில பால்துரை சொன்னது கேக்கலியா? உரிச்ச எறாலுல என் தட்டு எடைதான் எல்லாத்துலயும் கொறச்சலாம். இன்னும் கொறஞ்சா பிப்ரவரி வரைக்கும்கூட வேண்டாமாம். நான் அங்க போயி கைய நீட்டிக்கிட்டு உக்காந்தா எறாலு தானா உரிஞ்சுக்கிடுமா?"

உண்மைதான். நகம் இல்லாத விரலால் எப்படிக் கிள்ளுவது? பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் வராந்தாவில் உட்காரவைத்தேன். எனக்கு உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதனால் உள்ளே வந்து நின்றேன். சும்மா நிற்கவும் வரவில்லை. கை அதுபாட்டுக்கு ஓடியது. உரித்ததை மைனி தட்டில் போட்டுவைத்தேன். தட்டு பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

கட்டத்தில் "காயவைத்தேன்" என்பதற்கும் டிக் போட்டாயிற்று. காலிக் கட்டத்தைப் பார்த்தால் அந்தப் பிள்ளை முகம் வாடிப்போகும். மருந்து தடவினேன். அது சத்தியம்.

ஆகஸ்ட் 15

கொடி ஏற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். இடுப்பு இன்றைக்கும் சரியில்லை, உட்காரவில்லை.

செப்டம்பர் 8

டாக்டரம்மா வந்து அளந்தார். ஒரு மாதத்தில் கோடு மூன்று மில்லிமீட்டர் போயிருக்கிறது. பருப்பளவுகூட இல்லை, அதற்கு ஒரு கண்ணாடி, ஒரு அளவுகோல், ஒரு கேமரா. மைனி நகத்தின் அடியில் பிறை மாதிரி வெள்ளையாகக் கொஞ்சம் வந்திருக்கிறது. ஏழு வருஷத்துக்குப் பிறகு பிறை பார்த்த சந்தோஷம் மைனி முகத்தில்.

அதைவிடப் பெரிய சந்தோஷம் எடையில்.

"ஏளா சகாயம், பாத்தியா? என் எடை கூடிக்கிட்டே வருது. எனக்கே தெரியாம கை வேகமாயிட்டு."

"அதான பாத்தேன். ஒங்க பக்கத்துல காத்தா வீசுது, எனக்குச் சளி புடிச்சிரும் போலயே."

"பொறாம ஒனக்கு."

ஆமாம், பொறாமை என்று ஒப்புக்கொண்டேன். சாயங்காலம் அந்தச் சந்தோஷத்தில் மைனி பஜ்ஜி சுட்டுக் கொடுத்தார். எண்ணெய் அதிகம்.

என் கோடும் மூன்று மில்லிமீட்டர். கோட்டுக்குக் கீழே பச்சைதான். டாக்டரம்மா "மருந்து தடவுறீங்களா அக்கா?" என்றார். "மூணு நேரமும்" என்றேன். பொய் இல்லை.

அக்டோபர் 6

எல்லோருக்கும் ஏழு மில்லிமீட்டர் பக்கம் வந்துவிட்டது. எல்லாக் கையிலும் கோட்டுக்குக் கீழே நல்ல நகம். டாக்டரம்மா கேமராவில் எடுத்துக்கொண்டே சிரிக்கிறார், எழுதிக்கொண்டே சிரிக்கிறார்.

என் கட்டைவிரலுக்கு மட்டும் ரோஷம் அதிகம், ஆற மாட்டேன் என்கிறது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 18

இன்று ஷெட்டில் ஒரு பாராளுமன்றம் நடந்தது.

ஆரம்பித்தவள் நான்தான் என்று எனக்கு எதிரே நின்று உரிக்கிற பெர்னதெத் சொல்கிறாள். நான் என்ன செய்தேன்? நீல மூடிக்காரிகளைப் பார்த்து, "என்ன, இன்னைக்கும் ஜெல்லி தடவியாச்சா? ரொட்டிக்கும் கொஞ்சம் தடவிப் பாருங்க" என்றேன். அவ்வளவுதான். நீலத்துக்காரிகள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். எங்கள் கைதான் வேகமாக ஆறுகிறது, உங்களுடையதுதான் ஜெல்லி என்று கத்தினார்கள். சிவப்புக்காரிகள் விடுவார்களா?

கடைசியில் மைனிதான் கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினார். "எதுக்கு இந்தச் சண்ட? கரைக்கு வந்த மீன நாம எப்பிடிப் பிரிக்கோம்? வலைக்குப் போனவனுக்கும் உண்டு, காய்ச்சல்ல கெடந்தவன் வீட்டுக்கும் கறிக்கு உண்டு. ஒரு ஷெட்டுல பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு ஒண்ணுமில்லன்னா, அது என்ன நியாயம்?"

எல்லோரும் ஒத்துக்கொண்டோம். சாப்பாட்டு நேரத்தில் என் எவர்சில்வர் தூக்குச் சட்டியைக் கழுவித் துடைத்து, இருபத்து நான்கு டியூபையும் பிதுக்கி, கரண்டிக் காம்பால் கலக்கினோம். சிவப்பு மூடி, நீல மூடி என்ற பேதம் ஒழிந்தது. ஆளுக்கு ஒரு கரண்டி, வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்ன டப்பாவில். அடுத்த மாத டியூப் வந்தாலும் இதே முறைதான் என்று தீர்மானம். டாக்டரம்மாவிடம் சொல்வதா என்று ஒருத்தி கேட்டாள். சந்தோஷமாக இருக்கிற பிள்ளையை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று விட்டுவிட்டோம்.

சட்டியில் இன்னும் அந்த வாடை போகவில்லை. வீட்டுக்காரர் ரசத்தை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நவம்பர் 12

மழை. ஷெட்டுக்குள் முழங்கால் தண்ணீர். எழுத்து கோணலாக இருக்கிறது. மழைதான் காரணம்.

நவம்பர் 13

மழை இல்லை. எழுத்து இன்றும் கோணல். இடது கையால் எழுதிப் பார்க்கலாம் என்று ஓர் ஆசை. வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 24

முந்திரிக்கொத்து செய்தோம். கேக்குக்கு மாவு கலக்கினோம். நான் அடுப்பில் நிற்க, மைனி தரையில் உட்கார்ந்து குழம்புக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தேன். கத்தி இல்லை. நகத்தால் உரிக்கிறார்! ஒரு பல், இரண்டு பல், ஒரு சட்டி நிறைய. குழம்புக்கு எட்டுப் பல் போதும் என்று நான் சொல்லவில்லை. மைனி கன்னமெல்லாம் ஈரம்.

"என்ன மைனி, பூண்டுக்கும் கண்ணு எரியுமா? வெங்காயந்தான் அப்பிடிச் செய்யும்னு நெனச்சேன்."

"போளா கழுத" என்றார். இந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்குக் கிடைத்த முதல் வாழ்த்து.

ஜனவரி 19

கோடு எல்லோருக்கும் நுனிக்கு வந்து, நகம் வெட்டியாயிற்று. இருபத்து மூன்று பேர் கை சுத்தம். இன்று எங்கள் முன்னாலேயே உறையைப் பிரித்தார் டாக்டரம்மா. சிவப்பில்தான் மருந்து. நீலம் வெறும் ஜெல்லி.

"நீலத்துக்கும் ஆறியிருக்கு. சிவப்புக்கும் ஆறியிருக்கு. ஒரே அளவு" என்றார். நாங்கள் கை தட்டினோம். அவர் தட்டவில்லை. "வித்தியாசம் இருந்தாத்தானே மருந்து வேலை செஞ்சுதுன்னு நான் சொல்ல முடியும்?"

பெர்னதெத் பெருமையாகச் சொன்னாள்: "எப்பிடி வித்தியாசம் வரும் டாக்டரம்மா? நாங்கதான் எல்லாத்தையும் ஒண்ணாக் கலக்கிப் பங்கு வச்சுட்டோமே!"

டாக்டரம்மா ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். ஈரம் என்றுகூடப் பார்க்கவில்லை. "என்னைக்குக் கலக்குனீங்க?" என்றார். ஒருத்தி தீபாவளிக்கு முன்னால் என்றாள், ஒருத்தி மழைக்கு அப்புறம் என்றாள், ஒருத்தி ஆரம்பத்திலிருந்தே என்றாள். "ஆறு மாசம் போச்சு" என்று மெல்லச் சொன்னார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். திட்டவில்லை.

வாசலில் நின்ற பால்துரை கேட்டார்: "ஆராய்ச்சி முடிஞ்சிட்டுல்லா? அப்பம் திங்கக்கெழமையில இருந்து பெல்லு கெடையாது."

பெல் இல்லை என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் கட்டைவிரலுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். சோதனைக்கு இன்னும் நான்கு வாரம். மைனி தன் பத்து நகத்தையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார், யாரோ பிடுங்க வருகிற மாதிரி.

ஜனவரி 20

இது காலண்டர் தாளின் பின்பக்கம். பிறகு ஒட்டிக்கொள்ளலாம். நோட்டை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். கலக்கிய தேதி அதில் இருக்கிறது.

பஸ்ஸில் போகும்போதே மூன்று தரம் இறங்கிவிடலாமா என்று தோன்றியது. அதில் அவரைப் பரீட்சைக்குப் போகிற பிள்ளை என்று எழுதியிருக்கிறேன். அது போகட்டும். மைனி தட்டு விஷயமும் இருக்கிறது. நாற்பத்தொன்பது வயதில் ஒருத்தி, தன் கை வேகமாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதைப் பிடுங்கிப் போட எனக்கு என்ன உரிமை?

ஆனால் பெல் நின்றால் நகமே போய்விடும். பெருமை மட்டும் இருந்து பூண்டு உரிக்குமா?

ஜனவரி 23

வேலை முடிகிற நேரத்துக்கு டாக்டரம்மா ஓடி வந்தார். நடக்கவில்லை, ஓடினார். நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் காகிதம் சொருகியிருந்தது.

"அக்கா, நீங்க கலக்குனது அக்டோபர் பதினெட்டு. அதுக்கு முன்னாடி நான் கடைசியா அளந்தது அக்டோபர் ஆறு. அதுக்குள்ளயே எல்லாருக்கும் ஏழு மில்லிமீட்டர் நல்ல நகம் வளர்ந்தாச்சு. போட்டோ இருக்கு. கலக்குறதுக்கு முன்னாடியே, வெறும் ஜெல்லி தடவுனவங்களுக்கும் ஆறியிருக்கு!"

"அப்பம் ஜெல்லிதான் மருந்தா?"

"இல்லக்கா. உங்க கட்டைவிரலக் காட்டுங்க."

பிளாஸ்திரியைப் பிரித்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"உங்களுக்குச் சிவப்பு. அசல் மருந்து. மூணு நேரமும் தடவியிருக்கீங்க. உங்களுக்கு மட்டும் ஆறல. இருபத்து நாலு பேர்ல ஒரு நாள்கூடக் கைய காயவிடாதது நீங்க ஒருத்தர்தான். பெல் அடிச்சா நீங்க வெளிய வரவேயில்ல." நோட்டைத் தட்டினார். "ஆத்துனது டியூப் இல்லக்கா. அந்தக் கால் மணி நேரம்!"

எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அப்போதுதான் மைனி பின்னால் நிற்பதைப் பார்த்தேன்.

"பெல் அடிச்சா நீ உள்ள என்ன செஞ்ச?" என்றார்.

நான் ஏதோ இடுப்பு என்று ஆரம்பித்தேன். மைனி என் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு தன்னுடைய தட்டைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜனவரி 25

மைனி இன்னும் பேசவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும். பாத்திரத்தை அல்ல, என்னைத்தான் தேய்க்கிறார் போலிருக்கிறது.

பிப்ரவரி 2

மேனேஜர் அறைக்கு டாக்டரம்மா என்னையும் மைனியையும் கூட்டிக்கொண்டு போனார். மைனி எனக்கு நாலடி முன்னால் நடந்தார். ஏசி அறை. பால்துரை சுவரோரம் நின்றார்.

டாக்டரம்மா போட்டோக்களை வரிசையாக வைத்தார். மருந்தைக் கலக்கிவிட்டதையும் மறைக்கவில்லை. "கலக்குனதையும் அப்படியே கட்டுரையில எழுதப்போறேன் சார். இன்னும் மூணு ஷெட்டுல முறையா செஞ்சு பாக்கணும். ஆனா பிப்ரவரிச் சோதனைக்கு உங்களுக்கு வேண்டிய விஷயம் இப்பவே இருக்கு" என்றார்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். "ஒரு நாளைக்கு அரை மணி நேரம் வேலை நிக்கும். கையுறை வாங்கிக் கொடுத்துட்டா ஆகாதா?"

"உள்ள தண்ணி போச்சுன்னா அதுவும் ஈரந்தான் சார்" என்றார் டாக்டரம்மா.

மேனேஜர் யோசித்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. என் வலது கையைத் தூக்கி மேசைக் கண்ணாடி மேல் வைத்தேன். "சார், இது மருந்து போட்ட வெரலு." பக்கத்தில் மைனி கையை இழுத்து வைத்தேன். "இது ஒண்ணும் போடாம உக்காந்து காத்து வாங்குன வெரலு. வெள்ளக்காரன் வந்தா எதக் காட்டப் போறிய?"

மேனேஜர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். என் விரல் அப்படி.

மைனி இத்தனை நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தார். "எழுதிப் போடுங்க சார். வாயால சொன்னா பால்துரை தம்பிக்கு மறந்து போவும்."

எழுதிப் போட்டார்கள். ஒரு நாளைக்கு இரண்டு பெல், ஆளுக்குக் கால் மணி நேரம், கை காயவைக்க. சீல் வைத்து, ஷெட் சுவரில் ஒட்டியாயிற்று. பெர்னதெத் அதற்குப் பூ வைத்தாள்.

படி இறங்கும்போது மைனி என் கையைப் பிடித்துக்கொண்டார். கெட்ட விரல் படாமல் பிடித்தார். "கழுத" என்றார். பேச்சு வந்துவிட்டது.

பிப்ரவரி 16

சோதனை முடிந்தது. வெளிநாட்டுக்காரர் ஒவ்வொரு கையாகத் திருப்பிப் பார்த்தார். இருபத்து மூன்று கையும் தேறியது. சுவரில் இருந்த காகிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, போட்டோ எடுத்துக்கொண்டார். ஒருத்தியையும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

என் கை தேறவில்லை. டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்: நான்கு மாதம் தண்ணீரில் கை வைக்கக் கூடாது, காய்ந்த வேலை கொடுக்க வேண்டும். ஆகவே என்னை எடை மேசையில் உட்காரவைத்திருக்கிறார்கள். பெல் அடிக்கிற வேலையும் எனக்கே. பால்துரை பெல் பெட்டிச் சாவியைக் கொடுக்கும்போது முகம் இறால் தலை மாதிரி இருந்தது.

பதினொரு மணிக்கு அடித்தேன். நன்றாக அடித்தேன். ரோட்டில் போன ஐஸ்கிரீம் வண்டிக்காரர்கூட நின்று பார்த்தார். மைனி நேரே வந்து என்னை இழுத்துக்கொண்டு போய் வராந்தாவில் உட்காரவைத்தார். முந்தானையால் என் விரல் ஒவ்வொன்றையும் துடைத்தார்.

"என் கைதான் காஞ்சு கெடக்கே மைனி."

"வாய மூடிட்டு உக்காரு. இடுப்பு புடிக்குதா?"

பிடிக்கவில்லை.

பிப்ரவரி 20

டாக்டரம்மா வந்து என் கட்டைவிரல் நகத்தின் அடியில் புதுக் கோடு கீறினார். புது நோட்டும் கொடுத்தார். "இந்த டிக் எல்லாம் உண்மையா இருக்கணும் அக்கா" என்றார். பரீட்சைக்குப் போகிற பிள்ளை இல்லை, பரீட்சை வைக்கிற டீச்சர்.

சாயங்காலம் வரிசையாகத் தட்டுகள் வந்தன. பெர்னதெத், பிறகு மற்றவர்கள், கடைசியில் மைனி. தட்டை மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். யாரும் உதவாமல், அவர் மட்டும், பத்து நகத்தாலும் உரித்தது.

முள் ஏறியது. பெர்னதெத்தைத் தாண்டியது. இருபது வருஷத்தில் நான் ஒரு நாளும் தொடாத எடையில் போய் நின்றது.

"எவ்வளவுளா?" என்றார் மைனி, திரும்பாமல்.

"தராசு கெட்டுப்போச்சு மைனி" என்றேன். "ஒங்க தட்ட எடுத்து இன்னொரு தரம் வைங்க. எல்லாரும் பாக்கட்டும்."